பேஷண்ட் கூட யாரு?

புண் கட்டும் காஸ் துணியை நான்காக மடித்து, நூல் பிரிந்த ஓரத்தை உள்ளே தள்ளி, மறுபடியும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள் மணிமொழி. செங்கம் சாலையில் இருந்த அந்த நர்சிங் ஹோமில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் நடக்கும் வேலை இது. மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடித்தால் மறுநாள் கட்டுகளுக்கு வேண்டிய துணி டிரம்முக்குள் போய்விடும். டிரம்மை ஆவியில் வைத்து எடுத்தால் முடிந்தது. மணிமொழி இப்போது நிர்வாகம் பார்க்கிறவள். அவள் மடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கை சும்மா இருந்தால் அவளுக்கு மூளை ஓடாது.

அன்றைக்கு மூளை ஓடியே ஆகவேண்டியிருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில், ஓரத்தில் துளை போட்ட நீளமான கம்ப்யூட்டர் காகிதம் கிடந்தது. அதில் இருந்த ஒன்றுக்கு அவள் பெயர் வைக்கவேண்டும். ஒரு வாரமாக வைக்க முடியவில்லை.

"என்னாக்கா, புள்ளைக்குப் பேரு கெடச்சுதா?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி. வார்டின் மூத்த சிஸ்டர். கை மடிக்கும், வாய் ஓயாது.

"இல்லடி."

"எங்க ஊட்ல மூணாவது நாளே வெச்சுட்டோம். நீ இப்படி இழுத்தா புள்ள பள்ளிக்கூடம் போயிடும்."

மணிமொழி கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கொஞ்சம் நெல்லும். 1989-இல் பன்னிரண்டாவது முடித்ததும் துணை செவிலியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படுத்திருப்பவரை முதுகு நோகாமல் புரட்டிப் போடுவது, புண் வருமுன்னே தோல் சிவப்பதைக் கண்டுபிடிப்பது, வாயைத் திறக்காத கிழவருக்குக் கஞ்சி புகட்டுவது எல்லாம் அங்கே கற்றாள். டாக்டர் ராஜேந்திரன் ஆறு கட்டிலோடு நர்சிங் ஹோம் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தாள். பில் போடுகிற பெண் கல்யாணமாகிப் போனதும் அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்காரவைத்தார்கள். கணக்கு அவளுக்குப் பிடித்துப்போனது. தபாலில் பி.காம். படித்தாள். அது முடிந்ததும் தபாலிலேயே எம்.பி.ஏ. சேர்ந்தாள். கணவன் சகாதேவன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஜீப் ஓட்டுகிறவன். "எம்பிஏ முடிச்சுட்டு என்னை வேலைய விட்டுத் தூக்கிடாத தாயே" என்பான். அதோடு சரி, பரீட்சை நாட்களில் சோறு வடிப்பது அவன்தான்.

இப்போது 2003. ஆறு கட்டில் முப்பது ஆகியிருந்தது. எம்.பி.ஏ.வில் மிச்சமிருந்தது ப்ராஜெக்ட் மட்டும். நர்சிங் ஹோமுக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்து வருகிறார்கள், எதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள் என்பதை அவள் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். டாக்டருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

"நல்லதாப் போச்சு மணி. பின்னாடி அந்தத் தகரக் கொட்டகையை எடுத்துட்டு நாலு ஏசி ரூம் போடலாமான்னு பாக்கறேன். வேங்கிக்கால் பக்கம் புதுசு புதுசா ஆஸ்பத்திரி வருது. ஆபீசருங்க எல்லாம் அங்க போயிடறாங்க. நீ பேஷண்டையே கேட்டு எழுது. என்ன வருதோ அதுபடி செய்யலாம்."

கொட்டகை என்பது நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் படுக்கிற இடம். தகரக் கூரை, சிமென்ட் தரை, ஓரமாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பார்க்க ஒன்றும் அழகில்லை. மணிமொழிக்கும் அதன்மேல் பாசம் எதுவும் கிடையாது, எலி வரும். ஆனால் அங்கே படுக்கிறவர்கள்தான் பெட்பேன் வைக்கிறார்கள், கஞ்சி சுடவைக்கிறார்கள், டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிவந்து சொல்கிறார்கள். கொட்டகை போனால் அவர்கள் போவார்கள். அவர்கள் போனால் நோயாளியும் போவார். இது அவள் அனுமானம். அனுமானத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

இருபத்துநான்கு கேள்விகள் தயாரித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்கிறாரா, சிஸ்டர்கள் பேசும் விதம், கழிவறை, வெந்நீர், பில் புரிகிறதா, அறை, மின்விசிறி, துணைக்கு வந்தவர் படுக்க இடம் என்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். மாதிரிக்குக் கொடுத்த ஆங்கிலத் தாளைப் பார்த்து அவளே தமிழில் எழுதினாள்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம். நடுக்கட்டத்துக்கு என்ன போடுவது என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பேனா தானாக எழுதிவிட்டது.

கேள்விகளை என்ன செய்வது என்பதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பரசுராமன் சார் சொல்லிக்கொடுத்தார். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவர். ப்ராஜெக்டுக்கு அவர்தான் வழிகாட்டி. காரணிப் பகுப்பாய்வு என்று பலகையில் எழுதியதும் பாதி வகுப்பு கொட்டாவி விட்டது.

"இருபது கேள்வி கேக்கறோம். ஆனா ஜனங்க மனசுல இருபது விஷயம் இருக்காது. நாலோ அஞ்சோதான் இருக்கும். எந்தெந்தக் கேள்விக்கான பதில் ஒண்ணா ஏறுது, ஒண்ணா எறங்குதுன்னு கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லும். ஒண்ணா ஏறி எறங்கறதுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாம ஒரு காரணி இருக்கும்."

மணிமொழி எழுந்தாள். "சார், டைஃபாய்டு மாதிரியா?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "எப்படிம்மா?"

"காய்ச்சல், தலைவலி, நாக்குல வெள்ளை, வயித்து வலி எல்லாம் சேந்து வரும் சார். அது நாலு நோய் இல்ல. பின்னாடி ஒண்ணுதான் இருக்கு. அதை நாம பாக்கறதில்ல, இதையெல்லாம் பாத்து அதுக்குப் பேரு வைக்கறோம்."

"உக்காரும்மா. இனிமே நானும் அப்படியே சொல்லிடறேன்," என்றார் பரசுராமன். "ஆனா ஒண்ணு. கம்ப்யூட்டர் சேத்து மட்டும்தான் குடுக்கும். பேரு வைக்கறது உன் வேலை. பேரு வைக்க முடியலைன்னா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்."

நோயாளிகள் டிக் போட்டுக் கொடுத்த தாள்களை ஏற்றியபின் அந்தக் கம்ப்யூட்டர் கொடுத்ததுதான் இப்போது அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்த காகிதம். முதல் காரணி முகூர்த்த நாள் கீழ்பென்னாத்தூர் வேன் மாதிரி இருந்தது. இருக்கிற கேள்வியெல்லாம் அதில் தொற்றிக்கொண்டிருந்தன. டாக்டரின் பொறுமையும் மின்விசிறியும் ஒன்றாக ஏறின. பில்லும் வெந்நீரும் ஒன்றாக இறங்கின. மின்விசிறிக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் தலைக்குமேல் சுற்றுகின்றன என்றாள் ஆதிலட்சுமி. அதைப் பெயராக வைக்க முடியாது.

தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாலாஜி உதவி செய்யத் தயாராக இருந்தான். "மேடம், அங்கங்க நாலு நம்பர மாத்தித் தட்டிவிட்டா அழகா பிரிஞ்சு வந்துடும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"ஏம்ப்பா, உங்க அப்பாவுக்குப் பிரஷரு பாக்காமலே நான் ஊட்ல உக்காந்துகிட்டு எழுதினா ஒத்துப்பியா?"

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

இதற்குள் டாக்டர் அவசரப்பட்டார். காரணி, பெயர் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. சராசரி மட்டும் போதும் என்று வரைவை வாங்கிப் படித்தார். தனி அறையில் இருந்தவர்கள் 'நன்று' போட்டிருந்தார்கள். பொது வார்டில் பெரும்பாலும் மேலிருந்து கீழே 'பரவாயில்லை'.

"பாத்தியா மணி, ரூம்ல இருந்தவங்க சந்தோஷமா இருக்காங்க. வார்டுல இருந்தவங்களுக்கு எதுவுமே திருப்தி இல்ல. கொட்டகையும் பரவாயில்லதானாம். அதை வெச்சுக்கினு என்ன பண்றது? வர்ற வெள்ளிக்கெழமை நாள் நல்லாருக்கு. தருமன் மேஸ்திரிய வரச் சொல்லிட்டேன்."

அவள் தயாரித்த தாள், அவள் போட்ட கணக்கு. எதிர்த்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் கொட்டகையை இடிக்கப்போகிறார்கள். காஸ் துணி முழுக்க மடித்து முடித்தும் யோசனை நகரவில்லை. டிரம்மை மூடிவிட்டு எழுந்தாள்.

மாலை ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்தபோது சார்ட்டை வைத்துக்கொண்டு அவளும் கூடவே போனாள். பொது வார்டில் மூன்றாவது கட்டில் வள்ளி. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். தலைமாட்டில் அவள் கணவர் அப்பாதுரை, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கும்மா வள்ளி?" என்றார் டாக்டர்.

"இப்ப பரவாயில்லைங்க."

"வெரிகுட். சாப்பாடு எறங்குதா?"

"பரவாயில்லைங்க."

"தூக்கம்?"

"நேத்து ராத்திரி பரவாயில்லைங்க டாக்டரு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "சூப்பர்! அப்பாதுரை, நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்."

அப்பாதுரை கும்பிட்டார். மணிமொழியின் பேனா சார்ட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டாள். "டாக்டர், அந்தம்மா இப்ப என்ன சொன்னாங்க?"

"நல்லாயிட்டேன்னாங்க. ஏன்?"

"நல்லாயிட்டேன்னு சொல்லல டாக்டர். பரவாயில்லன்னு சொன்னாங்க."

"அதான். ரெண்டும் ஒண்ணுதான?"

"அப்ப என் ரிப்போர்ட்ல மட்டும் ஏன் வேற?"

டாக்டர் ஸ்டெத்தைக் கழுத்திலிருந்து எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "அது... பேப்பர்ல வந்தா அர்த்தம் வேற."

"பேப்பர்ல டிக் போட்டதும் இந்த மாதிரி ஆளுங்கதான் டாக்டர். பாதிப் பேருக்கு சிஸ்டருங்கதான் படிச்சுக் காட்டினாங்க. ஃபேன் எப்படின்னு நாம கேட்டோம். அவங்க உடம்பு எப்படின்னு காதுல வாங்கிக்கினு பதில் சொல்லியிருக்காங்க."

சொல்லச் சொல்ல அவளுக்கே முழுதும் விளங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் வெள்ளைப் புடவை கட்டியவள் ஒருத்தி வந்து எதைக் கேட்டாலும் அது ஒரே கேள்விதான். வலி குறைந்தவர்கள் மேலிருந்து கீழே பரவாயில்லை என்றார்கள். அது புகழ்ச்சி. வலி குறையாதவர்கள் மேலிருந்து கீழே மோசம் என்றார்கள். அதனால்தான் மின்விசிறியும் டாக்டரும் ஒன்றாக ஏறி இறங்கின. இருபத்துநான்கு கேள்வி கேட்டு ஒரே ஒரு பதிலை வாங்கி வைத்திருந்தாள். தனி அறைக்காரர்கள் வாத்தியார்கள், ஆபீசர்கள். தாளைத் தாங்களே வாங்கிப் படித்து, பரீட்சைக்குப் போடுவதுபோல் டிக் போட்டிருந்தார்கள்.

பதினான்கு வருஷமாக அந்தச் சொல்லைத் தினமும் கேட்கிறவள். கேட்டவுடன் சார்ட்டில் 'தேறுகிறார்' என்று எழுதுகிறவள். தாளில் அதே சொல்லை நடுக்கட்டத்தில் கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான். தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் சார்ட் இருந்ததால் விட்டுவிட்டாள்.

"சரி மணி, அர்த்தம் மாறினா ஏசி ரூம் வேணாம்னு ஆயிடுமா?"

"தெரியாது டாக்டர். வேணும்னே வரலாம். ஆனா சரியாத் தெரியாம என் ரிப்போர்ட்டைப் பாத்து இடிச்சாங்கன்னு இருக்கக்கூடாது. இன்னொரு தடவ கேட்டுடறேன். மேஸ்திரிய நிறுத்துங்க."

"நாள் குறிச்சாச்சே."

"இது ஐப்பசி. அஸ்திவாரம் தோண்டினா தண்ணி நிக்கும். அதுக்கப்புறம் கார்த்திகை தீபம். தருமன் ஆளுங்க பாதிப் பேரு பந்தல் கட்டப் போயிடுவாங்க, மீதிப் பேரு கிரிவலப் பாதையில கடை போட்டுடுவாங்க. கொட்டகையப் பிரிச்சுப் போட்டுட்டு ஆள் இல்லாம உக்காந்துகினு இருக்கணும். தீபம் முடியட்டும் டாக்டர்."

ரிப்போர்ட்டுக்காக இல்லாவிட்டாலும் மழைக்காக அவர் ஒத்துக்கொண்டார். "தீபம் முடிஞ்ச வாரம் மேஸ்திரி வருவாரு. அதுக்குள்ள உன் காரணி வந்தாகணும்."

அடுத்த ஞாயிறு பரசுராமன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முதல் காரணிக்குப் பேரு கெடச்சுடுச்சு பாரு. 'உடம்பு எப்படி இருக்கு.' சரியான பேருதான். ஆனா அது நாம கேட்ட கேள்வி இல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மறுபடியும் கேளு. ஆனா கொட்டகையக் காப்பாத்தணும்னு கேக்காத. ஏசி ரூம்தான் வேணும்னு வந்தா அதையும் எழுதணும்."

"எழுதுவேன் சார்."

"டாக்டர்கிட்ட சொல்லுவியா?"

"மேஸ்திரிக்கு டீயும் நானே வாங்கிக் குடுப்பேன்."

நடுக்கட்டத்துக்கு வேறு சொல் தேடியது பெரும்பாடு. தையல் பிரிக்க வள்ளி வந்தபோது கூட வந்த அப்பாதுரையை உட்காரவைத்துப் புதுத் தாளைப் படித்துக் காட்டினாள் ஆதிலட்சுமி.

"வெந்நீர் கெடச்சது ரொம்ப நல்லாருந்துச்சா, நல்லாருந்துச்சா, நடுத்தரமா..."

"நடுத்தரம்னா வெதவெதன்னா?" என்றார் அப்பாதுரை.

மணிமொழி 'நடுத்தரம்' என்பதை அடித்தாள். "நல்லதும் இல்ல, கெட்டதும் இல்லன்னு போட்டா?"

"அப்படி ஒண்ணு ஏதும்மா? கொழம்புல உப்பு இருந்தா நல்லாருக்கும். இல்லன்னா நல்லால்ல. நடுவுல இன்னா இருக்கு?"

"ரெண்டுங்கெட்டான்னு போட்டுடுக்கா," என்றாள் ஆதிலட்சுமி. "எங்க ஊட்டுக்காரர எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஊரே புரிஞ்சுக்கும்."

வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்க, தையலு!" என்றார் அப்பாதுரை.

கடைசியில் நடுக்கட்டம் 'சொல்லத் தெரியவில்லை' ஆனது. அது அப்பாதுரைக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதில் தப்பில்லையாம். கேட்கும் இடத்தையும் மாற்றினாள் மணிமொழி. கட்டிலில் படுத்திருக்கும்போது கேட்பதில்லை. ஊருக்குப் போய்த் திரும்பவும் காட்ட வரும்போது, வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, வெள்ளைப் புடவை இல்லாத யாராவது கேட்கவேண்டும். நோயாளியை ஒரு தாளிலும் துணைக்கு இருந்தவரை ஒரு தாளிலும் கேட்கவேண்டும். "உடம்பை விடுங்க, அது டாக்டர் பாத்துப்பாரு. இங்க இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று முதலில் சொல்லிவிடவேண்டும்.

வார விடுமுறையில் கீழ்பென்னாத்தூர் வேன் ஏறிப் பக்கத்து ஊர்களுக்கும் போனாள். களத்தில் மல்லாட்டை உருவிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் உருவிக்கொண்டே கேட்டாள். வீட்டில், அவரவர் இடத்தில், மனிதர்கள் வேறு மாதிரி பேசினார்கள். ஒரு பெண் டாக்டரை ரொம்ப நல்லவர் என்றாள், பில்லைத் திட்டினாள், இரண்டும் ஒரே மூச்சில். மணிமொழிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இனி ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

தீபத்துக்கு முந்தைய வாரங்களில் மழை கொட்டியது. ஊருக்குள் வெளியூர்க் கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றது. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. தகரம் ஒழுகிய இடத்தில் பிளாஸ்டிக் பக்கெட் வைத்திருந்தார்கள். "இதை வெச்சுத்தான் போட்டோ புடிச்சு ரிப்போர்ட்ல ஒட்டணும்," என்றாள் ஆதிலட்சுமி.

"ஒட்டினா கதையாயிடும். கணக்கு வரட்டும்," என்றாள் மணிமொழி.

மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்த வாரத்தில் கணக்கு வந்தது. பாலாஜி காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தான். "மேடம், நான் ஒண்ணும் கை வெக்கல," என்றான் முன்ஜாக்கிரதையாக.

நிற்க இடமில்லாமல் படியில் உட்கார்ந்து பார்த்தாள். இப்போது பிரிந்து வந்திருந்தது. டாக்டர் பேசுவது, சிஸ்டர் பேசுவது, பயத்தைப் போக்குவது ஒரு கூட்டமாக நின்றன. பில் புரிவது, முன்கூட்டியே தொகை சொல்வது இன்னொரு கூட்டம். கழிவறை, படுக்கை விரிப்பு மூன்றாவது. ஆனால் முதலாவதாக, எல்லாவற்றையும்விடக் கனமாக வந்த கூட்டம் அவள் நினைக்காத ஒன்று. படுக்க இடம் இருந்ததா என்பது அதில் இருந்தது. வெந்நீர் கிடைத்ததா என்பது அதில் இருந்தது. அதை அவள் சுத்தம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துச் சேர்த்திருந்தாள். கஞ்சி சுடவைக்க வசதி இருந்ததா என்பதும் அதில் இருந்தது. வாசல் காவலாளி உள்ளே விட்டாரா என்பதும், நோயாளிக்கு என்ன நடக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்பதும் அதிலேயே இருந்தன. ஐந்தும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. மறுபடியும் இங்கே வருவோம் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்கும் நல்லது சொன்னவர்கள்.

ஏசி அறை வேண்டுமா என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் சேராமல் கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமல் வந்தவன் மாதிரி தனியாக நின்றது. வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், கொஞ்சம் பேர். அதையும் எழுதவேண்டும்.

முதல் காரணிக்கு என்ன பெயர்? இடமா? இடம் என்றால் தகவல் சொல்வது ஏன் அதில் இருக்கிறது? வசதியா? வசதி என்றால் மின்விசிறி ஏன் இல்லை? காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நர்சிங் ஹோமுக்கு நடந்தாள். உள்ளே நுழையும்போது வார்டு வாசலில் நின்றுகொண்டு ஆதிலட்சுமி வழக்கம்போல வராந்தா அதிரக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் நம்பர் பேஷண்ட் கூட யாரு? ஏழாம் நம்பர் பேஷண்ட் கூட யாருங்க?"

கொட்டகையிலிருந்து ஒரு அம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "நான்தாங்க, நான்தாங்க."

ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கூச்சல். தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்கலாம். மணிமொழி பில் மேசையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள். முதல் காரணிக்கு நேரே பேனாவால் எழுதினாள்: பேஷண்ட் கூட இருக்கிறவர்.

பரசுராமன் சார் அதை இரண்டு தடவை படித்தார். "ஆங்கிலத்துல போடறப்போ வேற மாதிரி எழுதணும். ஆனா பேரு இதுதான். இதைவிடப் பொருத்தமா வைக்க முடியாது." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டாக்டரிடம் போனபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "ஏசி ரூம் வேணாம்னு வந்துடுச்சா?"

"அப்படி வரல டாக்டர். கொஞ்சம் பேரு கேக்கறாங்க. ஆனா அது கெடச்சாத்தான் வருவோம்னு இல்ல. கூட இருக்கறவங்களுக்கு இடமும், வெந்நீரும், ரெண்டு வார்த்தை பதிலும் கெடச்சா வர்றாங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு முடிவு பண்றது படுத்திருக்கறவரு இல்ல. கூட்டிக்கினு வர்றவங்க."

டாக்டர் தாளைப் புரட்டினார். அவர் மோசமான மனிதர் அல்ல. புதுக் கட்டடம் பார்த்தால் கொஞ்சம் மனசு அலையும், அவ்வளவுதான். "நீ ரெண்டு தடவை கேட்ட. மூணாவது தடவை கேட்டா வேற வருமா?"

"வந்தா அதையும் எழுதறேன். ஆனா இந்தத் தடவை எதைக் கேட்டோமோ அதுக்குப் பதில் வந்திருக்கு."

"பரவாயில்லையே!" என்றார் டாக்டர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது எந்தக் கட்டம் டாக்டர்?" என்றாள் மணிமொழி.

அவர் சிரித்துவிட்டார். "மேல் கட்டம், மேல் கட்டம். சரி. கொட்டகை இருக்கட்டும். மாடியில ரெண்டு ஏசி ரூம் பாத்துக்கலாம், வெயில் காலம் வரட்டும். ஆனா நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்து நிப்பாரே. அவரத் திருப்பி அனுப்பணும்."

"திருப்பி அனுப்பவேணாம். வர்ற ஆளுக்கு வேலை இருக்கு."

மறுநாள் காலை தருமன் மேஸ்திரி நூல்கண்டும் முளைக்குச்சியுமாக இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். மணிமொழி அவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். ஒழுகும் தகரங்களைக் காட்டி மூன்றைக் கழற்றச் சொன்னாள். சுவர் ஓரமாக ஒரு குழாய், துணி துவைக்க இரண்டு கல், தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். வெந்நீர்க் கொதிகலனை வார்டுக்குள்ளிருந்து கொட்டகைச் சுவருக்கு மாற்றவேண்டும். மேஸ்திரி குச்சியை அடித்து நூல் கட்டினார். ஏசி ரூம் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டார். மாடியில், பிறகு, என்றாள்.

சொன்னபடி டீ வாங்கிக்கொடுத்தாள்.

"எப்படி இருக்கு மேஸ்திரி?"

"பரவாயில்லம்மா," என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டினார்.

ஊற்றிக்கொடுத்துவிட்டு, கொட்டகையில் படுத்திருந்தவர்களைப் பாயைச் சுருட்டி ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, மணிமொழி உள்ளே போனாள். ஆதிலட்சுமி காவலாளியோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள்; இனிமேல் கூட இருக்கிறவர்களை எந்த நேரத்திலும் உள்ளே விடவேண்டும் என்று அவனுக்குப் புரியவைக்கிற வேலை. அது முடிய நேரமாகும் என்று தெரிந்து, ஐந்தாம் கட்டில் கிழவரைப் புரட்டிப் போட மணிமொழியே புடவையைச் செருகிக்கொண்டாள்.